சுகருக்கும் கொழுப்புக்கும் என்ன சம்பந்தம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனையின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். டாக்டர் இல்லை. டாக்டரின் அறையில் கேட்கக் கூச்சப்பட்ட சந்தேகங்களை அடுக்குமாடி புளோக் கீழ்த்தளத்திலும் கோயில் அன்னதான வரிசையிலும் என்னிடம் கேட்பார்கள். ஆள் மாறினாலும் கேள்வி மாறாது. அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே தொகுத்திருக்கிறேன்.

இவற்றில் பாதிக்கும் மேலான கேள்விகளுக்குப் பதில் தேடினால், டெனிஸ் மெக்கேரி என்ற ஆராய்ச்சியாளரிடம்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. அதனால் அவரைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே எழுதியிருக்கிறேன். ஒன்று மட்டும்: இதைப் படித்துவிட்டு மாத்திரையைக் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது எதுவும் வேண்டாம். அது உங்கள் டாக்டரிடம் பேச வேண்டிய விஷயம்.

எனக்கு சுகர் மட்டும்தான். கொலஸ்ட்ரால் நார்மல்னு அவங்களே சொல்லிட்டு, அப்புறம் எதுக்கு கொலஸ்ட்ரால் மாத்திரையும் கொடுக்குறாங்க?

நீரிழிவு உள்ளவர்கள் பலரின் உயிரைப் பறிப்பது மாரடைப்பும் பக்கவாதமும்தான். சர்க்கரை அளவை மட்டும் இறக்கினால் இந்த ஆபத்து முழுதாகப் போய்விடுவதில்லை. 2004இல் வெளிவந்த 'கார்ட்ஸ்' என்ற ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும், அதுவரை இதய நோய் வராத, கெட்ட கொலஸ்ட்ராலும் பெரிதாக ஏறாத 2,838 நீரிழிவு நோயாளிகளில் பாதிப் பேருக்கு ஸ்டேட்டின் என்ற கொலஸ்ட்ரால் மருந்து வகையைச் சேர்ந்த அட்டோர்வாஸ்டேட்டினை 10 மில்லிகிராம் கொடுத்தார்கள், மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. மருந்து எடுத்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் 37 விழுக்காடு குறைந்தன.

ஆக, ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று அச்சாகியிருப்பது ஊருக்கெல்லாம் பொதுவான எல்லை. நீரிழிவு இருப்பவருக்கு டாக்டர் வைக்கும் இலக்கு அதைவிடக் கீழே இருக்கும்.

சர்க்கரை சாப்பிட்டாத்தானே சர்க்கரை ஏறும்? இதுல கொழுப்பு எங்க வருது?

இன்சுலின் என்றாலே சர்க்கரையை இறக்கும் மருந்து என்றுதான் நினைக்கிறோம். ஆனால் உடம்பில் அது கவனிக்கும் வேலைகளில் பாதி கொழுப்பைப் பற்றியது. சாப்பிட்டவுடன் இன்சுலின் சுரக்கும். 'இப்போதைக்குச் சாப்பாடு இருக்கிறது, சேமிப்பை வெளியே விடாதே' என்று கொழுப்புத் திசுவுக்குச் செய்தி போகும். அந்தச் செய்தி சரியாகக் கேட்காமல் போவதைத்தான் இன்சுலின் எதிர்ப்பு என்கிறோம். அப்போது கொழுப்புத் திசுவிலிருந்து கொழுப்பு அமிலங்கள் இரவும் பகலும் இரத்தத்தில் கசிந்துகொண்டே இருக்கும். அவை கல்லீரலுக்குப் போகும், தசைக்குப் போகும், கணையத்துக்கும் போகும். வந்து குவிவதைக் கல்லீரல் பொட்டலம் கட்டித் திரும்ப இரத்தத்துக்கு அனுப்பும். உங்கள் ரிப்போர்ட்டில் டிரைகிளிசரைடு என்று ஏறி நிற்பது பெரும்பாலும் அந்தப் பொட்டலம்தான்.

பரிசோதனைக் கூடத்தில் பல வருஷம் இருந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: சிலருக்கு டிரைகிளிசரைடு முதலில் ஏறும், நல்ல கொலஸ்ட்ரால் இறங்கும், சர்க்கரை சாவகாசமாகப் பின்னால் வரும். இந்தக் கூட்டணிக்கு ஜெரால்ட் ரீவன் என்ற அமெரிக்க மருத்துவர் 1988இல் 'சிண்ட்ரோம் எக்ஸ்' என்று பெயர் வைத்தார்.

சுகர் வியாதியே கொழுப்பு வியாதிதான்னு ஒரு விஞ்ஞானி சொன்னாராமே, உண்மையா?

அவர்தான் மெக்கேரி. டாலஸ் நகரில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ஆராய்ச்சி செய்தவர். 1992இல் 'சயன்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். அதன் கேள்வியே குறும்பானது: மின்கோவ்ஸ்கிக்கு நாக்கில் சுவை தெரியாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

மின்கோவ்ஸ்கி யார் என்று கேட்பீர்கள். 1889இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஆஸ்கர் மின்கோவ்ஸ்கியும் யோசஃப் ஃபான் மேரிங்கும் ஒரு நாயின் கணையத்தை எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். நாய் ஓயாமல் சிறுநீர் கழித்தது. அந்தச் சிறுநீரில் சர்க்கரை இருந்தது. கணையத்துக்கும் நீரிழிவுக்கும் முடிச்சுப் போட்டது இந்தச் சோதனைதான். 1921இல் டொராண்டோவில் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டதும் இந்த வழியில் வந்ததே. இப்போது மெக்கேரியின் கற்பனை: மின்கோவ்ஸ்கிக்கு இனிப்பு தெரியாமல், அந்தச் சிறுநீரில் அசிட்டோன் வாடை மட்டும் மூக்கில் ஏறியிருந்தால்? கொழுப்பு கண்டபடி எரியும்போதுதான் அசிட்டோன் உண்டாகும். 'கணையம் போனால் கொழுப்பு வளர்சிதைமாற்றம் கெடுகிறது' என்று அவர் எழுதியிருப்பார். அடுத்த நூறு வருஷ ஆராய்ச்சி வேறு தடத்தில் போயிருக்கும்.

சர்க்கரைக்குச் சம்பந்தமே இல்லை என்று மெக்கேரி சொல்லவில்லை. வாட்ஸ்அப்பில் சுற்றும் சுருக்கங்களில் அப்படித்தான் வருகிறது. நாம் அழுத்தம் கொடுக்கும் இடம் தவறாக இருக்கலாம், கொழுப்பின் பக்கமிருந்து பார்த்தால் இன்சுலின் எதிர்ப்பும் சர்க்கரை ஏற்றமும் இன்னும் நன்றாகப் புரியலாம் என்பதுதான் அவர் வாதம்.

அவர் சும்மா கற்பனை மட்டும் பண்ணினாரா, இல்ல ஏதாவது கண்டுபிடிச்சாரா?

அந்தக் கட்டுரைக்கு 15 வருஷம் முன்பே பெரிய விஷயம் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார். கொழுப்பு எரிய வேண்டுமானால் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைய வேண்டும். நீளமான கொழுப்பு அமிலங்கள் தாமாக நுழைய முடியாது. சிபிடி1 என்ற நொதிதான் உள்ளே விடும். எம்ஆர்டி ரயில் நிலையத்தின் கட்டணக் கதவு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கதவை எது திறக்கிறது, எது மூடுகிறது என்பதுதான் கேள்வி.

1977இல் மெக்கேரியும் டேனியல் ஃபாஸ்டர் உள்ளிட்ட சகாக்களும் பதிலைச் சொன்னார்கள்: மலோனில்-கோஏ. கல்லீரல் சர்க்கரையைக் கொழுப்பாக மாற்றத் தொடங்கும்போது முதல் கட்டத்தில் உருவாகும் மூலக்கூறு இது. அதுவே போய்ச் சிபிடி1ஐ மூடிவிடுகிறது. இதன் அழகைப் பாருங்கள். ஒரு பக்கம் கொழுப்பைக் கட்டிக்கொண்டு, மறுபக்கம் அதையே எரிக்கிற வீண்வேலை நடக்காமல் ஒரே மூலக்கூறு பார்த்துக்கொள்கிறது. வயிறு நிறைந்திருக்கும்போது மலோனில்-கோஏ ஏறும், கதவு மூடும். பட்டினி கிடந்தாலோ இன்சுலின் இல்லாமல் போனாலோ அது இறங்கும், கதவு திறக்கும், கொழுப்பு உள்ளே பாய்ந்து எரிந்து கீட்டோன்கள் (அசிட்டோன் இவற்றில் ஒன்று) உருவாகும். முந்தைய பதிலில் சொன்ன அசிட்டோன் வாடை இங்கிருந்துதான் வருகிறது.

கல்லீரல் சரி. தசைக்கு என்ன ஆச்சு? இன்சுலின் வேலை செய்யாம போறது தசையிலதான்னு சொல்றாங்களே?

சரியாகக் கேட்டீர்கள். சாப்பிட்ட பிறகு இரத்தத்திலிருந்து சர்க்கரையை அதிகம் வாங்கிக்கொள்வது தசைதான். தசையிலும் ஒரு சிபிடி1 உண்டு, அது கல்லீரலில் உள்ளதைவிட மலோனில்-கோஏவுக்குப் பல மடங்கு சுலபமாகக் கட்டுப்படும். நாள் முழுக்கச் சாப்பிட்டுக்கொண்டே இருந்தால், சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்தே வந்துகொண்டிருக்கும், கதவோ மூடியே கிடக்கும். வந்த கொழுப்பு எரிய வழியில்லாமல் தசை நார்களுக்குள்ளேயே துளித்துளியாகத் தங்கும். அப்படித் தங்குவது இன்சுலினின் செய்தியைக் குலைக்கிறது என்பது மெக்கேரியின் கணிப்பு.

அவருடைய குழு இதை எலிகளில் சோதித்தது. எட்டோமாக்சிர் என்ற மருந்தால் சிபிடி1ஐத் தொடர்ந்து அடைத்தார்கள். தசையில் கொழுப்பு சேர்ந்தது, இன்சுலின் எதிர்ப்பும் வந்தது. அதே காலத்தில் யேல் பல்கலைக்கழகத்தில் ஜெரால்ட் ஷுல்மன், மனிதர்களின் தசையைக் காந்த அதிர்வுக் கருவியால் ஊசி குத்தாமலே அளந்து இதே திசையில் வந்துகொண்டிருந்தார்.

இன்னொரு பக்கமும் உண்டு. பட்டினி போட்ட எலிகளின் இரத்தத்தில் கொழுப்பு அமிலங்களை அடியோடு இறக்கிவிட்டுக் குளுக்கோஸ் கொடுத்தபோது கணையம் இன்சுலினைச் சரியாகச் சுரக்கவில்லை என்பதையும் மெக்கேரியின் குழுவே காட்டியது. அளவோடு இருந்தால் கணையத்துக்குக் கொழுப்பு தேவை. ஓயாமல் வந்து குவிந்தால்தான் வம்பு.

நான் ஒல்லிதான். தொப்பைகூட பெருசா இல்ல. எனக்கு எப்படி வந்துச்சு?

நம் ஆட்கள் அதிகம் கேட்பது இது. கொழுப்பு எவ்வளவு என்பதோடு எங்கே என்பதும் முக்கியம். தோலுக்கடியில் இருப்பது அவ்வளவு தொல்லை தராது. கல்லீரலிலும் தசையிலும் குடலைச் சுற்றியும் சேர்வதுதான் வேலையைக் கெடுக்கும். தெற்காசியர்களுக்குத் தோலடிச் சேமிப்பு சீக்கிரம் நிரம்பி, மிச்சம் உள்ளுறுப்புகளுக்குப் போகிறது என்பது ஆராய்ச்சியாளர்கள் பலரும் ஒத்துக்கொள்ளும் விளக்கம். 2010ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், 18 முதல் 69 வயது வரையுள்ள சிங்கப்பூர் இந்தியர்களில் 17.2 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. மலாய்க்காரர்களில் 16.6, சீனர்களில் 9.7.

'நான் ஒல்லி' என்பதற்கே நம் அளவுகோல் வேறு. 2002இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு சிங்கப்பூரில்தான் கூடி, ஆசியர்களுக்கு உடல் எடைக் குறியீடு 23ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும், 27.5ஐத் தாண்டினால் ஆபத்து அதிகம் என்று வரையறுத்தது. ஐரோப்பியர்களுக்கு இவை 25, 30. இடுப்புச் சுற்றளவில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. சேலைக்கு மேலே டேப்பைச் சுற்றி அளந்துவிட்டு வாதாடாதீர்கள்.

எல்டிஎல், எச்டிஎல், டிரைகிளிசரைடு. ரிப்போர்ட்ல எதை முதல்ல பாக்கணும்?

மாரடைப்பு ஆபத்துக்கு எல்டிஎல், அதாவது கெட்ட கொலஸ்ட்ரால். அதில் சந்தேகமில்லை. ஆனால் நீரிழிவில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. டிரைகிளிசரைடு ஏறும்போது எல்டிஎல் துகள்கள் சிறுத்து, அடர்த்தியாகி, எண்ணிக்கையில் கூடிவிடும். அளவு மட்டும் பார்க்கச் சுமாராகவே தெரியும். நல்ல கொலஸ்ட்ராலான எச்டிஎல் இறங்கும். எனவே டிரைகிளிசரைடு 1.7 மில்லிமோலைத் தாண்டி, எச்டிஎல்லும் குறைந்திருந்தால், எல்டிஎல் எண்ணைப் பார்த்து மட்டும் நிம்மதி அடைய வேண்டாம்.

என் ரிப்போர்ட்ல எல்டிஎல் இடத்துல நம்பரே இல்ல. மெஷின் கெட்டுப்போச்சா?

மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது. பல இடங்களில் எல்டிஎல்லை நேரடியாக அளப்பதில்லை, கணக்குப் போட்டு எடுக்கிறார்கள். மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்டிஎல்லைக் கழித்து, டிரைகிளிசரைடை 2.2ஆல் வகுத்து அதையும் கழிப்பார்கள். 1972இல் ஃப்ரீட்வால்ட் கொடுத்த சூத்திரம் இது. டிரைகிளிசரைடு 4.5 மில்லிமோலைத் தாண்டினால் இந்தக் கணக்கு செல்லாது. அதனால் எண்ணைப் போடாமல் விட்டுவிடுவார்கள்.

அப்படிப்பட்ட இரத்தத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். குழாயைச் சுழற்றி எடுத்தால் சிவப்பணுக்கள் கீழே படியும், மேலே தெளிந்த மஞ்சள் திரவம் நிற்க வேண்டும். டிரைகிளிசரைடு எக்கச்சக்கமாக ஏறியவருக்கு அந்த இடத்தில் வெள்ளை வெளேரென்று பால் நிற்கும். குழாய்க்குப் பின்னால் விரலை வைத்தால் விரல் தெரியாது. பிரிட்ஜில் ஓர் இரவு வைத்தால் சில மாதிரிகளில் மேலே ஏடுகூடப் படியும். மற்ற சில பரிசோதனைகளையும் அது குழப்பும் என்பதால் நாங்கள் தனியாகக் குறிப்பு எழுதுவோம். அளவு 10ஐத் தாண்டினால் கணைய அழற்சி வரும் ஆபத்து உண்டு. எண் இல்லாத ரிப்போர்ட்டை மடித்து அலமாரியில் வைக்காமல் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

டெஸ்டுக்கு முன்னாடி தே ஓ குடிக்கலாமா?

உண்ணாமல் வரச் சொல்லியிருந்தால் தண்ணீர் மட்டும். பால் சேர்க்காத தே ஓ, சீனியும் இல்லாத 'கோசோங்' ஆனாலும் வேண்டாம். கொழுப்புப் பரிசோதனைக்கு இப்போதெல்லாம் பல நேரம் பட்டினி தேவையில்லை என்கிறார்கள். டிரைகிளிசரைடு ஏறியவர்களுக்குத்தான் மறுபடி வெறும் வயிற்றில் எடுப்பார்கள்.

எனக்கு எச்பிஏ1சி 6.6. சென்னையில இருக்குற அண்ணன் 'உனக்கு சுகர் வந்துருச்சு'ன்னு சொல்றான். இங்க டாக்டர் இன்னொரு டெஸ்ட் எடுக்கணும்ங்கறார். யார் சொல்றது சரி?

இரண்டு பேரும் சரி. எச்பிஏ1சி என்பது கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் பரிசோதனை. இந்தியாவிலும் அமெரிக்காவிலும் 6.5ஐ எல்லையாக வைத்திருக்கிறார்கள். சிங்கப்பூரில் சுகாதார அமைச்சு 2019இல் எச்பிஏ1சியை நீரிழிவைக் கண்டறியும் பரிசோதனையாகச் சேர்த்தபோது வேறு எல்லை வைத்தது. 6.0 வரை நீரிழிவு இல்லை, 7.0 முதல் நீரிழிவு. நடுவே 6.1 முதல் 6.9 வரை இருந்தால் வெறும் வயிற்றுச் சர்க்கரையும் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். நீங்கள் அந்த நடுப்பகுதியில் இருக்கிறீர்கள்.

இதோடு வரும் இன்னொரு குழப்பம் அலகு. ஊரில் மில்லிகிராம், இங்கே மில்லிமோல். சர்க்கரைக்கு 18ஆல் பெருக்குங்கள், இங்கத்திய 7.0 அங்கே 126. கொலஸ்ட்ராலுக்கு 38.7, டிரைகிளிசரைடுக்கு 88.6. இரண்டுக்கும் ஒரே எண்ணைப் போட்டுப் பெருக்கிவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருபவர்கள் இருக்கிறார்கள்.

பானத்துல ஏ, பி, சி, டின்னு போடுறாங்களே, அது சீனிக்கு மட்டும்தானே?

இல்லை. சிங்கப்பூரில் பானங்களுக்குத் தரம் போடும் இந்த நியூட்ரி-கிரேட் முறை, சீனியையும் நிறைகொழுப்பையும் (சேச்சுரேட்டட் ஃபேட்) சேர்த்துத்தான் பார்க்கிறது. 100 மில்லிலிட்டரில் சீனி 10 கிராமைத் தாண்டினாலும் 'டி', நிறைகொழுப்பு 2.8 கிராமைத் தாண்டினாலும் 'டி'. 2022 டிசம்பர் 30இல் அடைத்து விற்கும் பானங்களுக்கும், அடுத்த ஆண்டு அதே நாளில் கடையில் கலந்து தரும் பானங்களுக்கும் நடப்புக்கு வந்தது. 2016இல் நீரிழிவுக்கு எதிராகப் போர் என்று அரசாங்கம் அறிவித்ததன் தொடர்ச்சி இது. சீனியைக் குறைத்துக் கேட்டு 'சியூ தாய்' சொல்லிவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று நினைப்பவர்கள், கோப்பையின் அடியில் இருக்கும் கெட்டிப்பாலில் சீனியும் கொழுப்பும் சேர்ந்தே இருப்பதையும் யோசிக்கலாம்.

நான் சைவம். எண்ணெய்கூட அதிகம் சேர்க்கறதில்ல. டிரைகிளிசரைடு எப்படி 3 வந்துச்சு?

சோறு, தோசை, இடியப்பம், இனிப்பு போட்ட தேநீர். மலோனில்-கோஏ பற்றிச் சொன்னேனே, அதை இங்கே பொருத்திப் பாருங்கள். தேவைக்கு மேல் வரும் மாவுச்சத்தையும் சீனியையும் கல்லீரல் கொழுப்பாக மாற்றும். மாற்றும் நேரத்தில் கொழுப்பு எரிவதும் நின்றுவிடும். வடையின் எண்ணெயைத் தாளில் ஒற்றி எடுத்துவிட்டு, பக்கத்தில் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டால் டிரைகிளிசரைடு இறங்காது. மது குடிப்பவர்களுக்கு அதுவும் ஒரு பெரிய காரணம்.

நெய்யும் தேங்காய்ப்பாலும் வேறு கணக்கு. அவற்றில் உள்ள நிறைகொழுப்பு எல்டிஎல்லை ஏற்றும். 'தேங்காயில் கொலஸ்ட்ராலே இல்லை' என்பார்கள். உண்மைதான், ஆனால் அதைச் சாப்பிடும் உங்கள் கல்லீரலில் இருக்கிறது.

தைப்பூசத்துக்கு விரதம் இருக்கேன். கீட்டோன் வந்து ஆபத்தாயிடுமா?

ஒரு வேளை உணவை விட்டால் யாருக்கும் கொஞ்சம் கீட்டோன் உண்டாகும். உடம்பில் இன்சுலின் இருக்கும்வரை அது அளவு மீறாது. இன்சுலினே சுரக்காத முதல் வகை நீரிழிவு உள்ளவர்களுக்கு நிலைமை வேறு. கதவு முழுக்கத் திறந்து, கீட்டோன் பெருகி, இரத்தம் அமிலமாகும். இன்சுலின் மருந்து வருவதற்கு முன், இந்த வகை நீரிழிவு வந்த பிள்ளைகள் எலும்பும் தோலுமாகி இறந்தது அப்படித்தான்.

எம்பாக்லிஃப்ளோசின், டாபாக்லிஃப்ளோசின் எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இவை சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும். அதனால் விரல் குத்திப் பார்த்தால் சர்க்கரை சாதாரணமாகத் தெரியும்போதே கீட்டோன் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். வாந்தி, வயிற்றுவலி, வேக மூச்சு, வாயில் பழ வாடை வந்தால் 'மீட்டர் நார்மல்தானே' என்று காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். கிளிப்பிசைட், கிளிக்லசைட் எடுப்பவர்களுக்குப் பிரச்சினை நேரெதிர், சர்க்கரை திடீரென இறங்கிவிடும். சைவ விரதம் தாராளமாக இருக்கலாம். சாப்பாட்டையே விடும் விரதம் என்றால் காப்பு கட்டும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை.

ஸ்டேட்டின் மாத்திரையே சுகரைக் கொண்டுவரும்னு நெட்ல போட்டிருக்கே?

பொய் இல்லை. 13 ஆய்வுகளைச் சேர்த்து 2010இல் வெளியான கணக்கின்படி நீரிழிவு வரும் வாய்ப்பு சுமார் 9 விழுக்காடு கூடுகிறது. கேட்கப் பயமாக இருக்கும். அதையே வேறு மாதிரிச் சொன்னால், 255 பேர் 4 வருஷம் சாப்பிட்டால் ஒருவருக்குக் கூடுதலாக நீரிழிவு வரும். அந்த ஒருவர் பெரும்பாலும் ஏற்கெனவே எல்லையில் நின்றவர். அதே கூட்டத்தில் மாரடைப்பிலிருந்தும் பக்கவாதத்திலிருந்தும் தப்புபவர்கள் அதைவிட அதிகம். முதல் கேள்வியின் 37 விழுக்காட்டை மறக்க வேண்டாம். ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர் இதற்குப் பயந்து மாத்திரையை நிறுத்துவதில் எந்த அர்த்தமும் இல்லை.

சுகரை அடியோட திருப்ப முடியும்னு சொல்றாங்க. நிஜமாவா?

சிலருக்கு முடியும். இங்கே கொழுப்புக் கோட்பாட்டுக்கு நல்ல சாட்சி கிடைத்தது. நியூகாசில் பல்கலைக்கழகத்தின் ராய் டெய்லர் 2011இல், இரண்டாம் வகை நீரிழிவு வந்து அதிகக் காலம் ஆகாத 11 பேருக்கு நாளுக்கு சுமார் 600 கலோரி மட்டும் கொடுத்துப் பார்த்தார். ஒரே வாரத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை இயல்புக்கு வந்தது. கல்லீரல் கொழுப்பும் அதோடு இறங்கியது. கணையத்தின் கொழுப்பு இறங்க இன்னும் சில வாரம் ஆனது, இன்சுலின் சுரப்பும் அதோடு சேர்ந்து மெல்லத் தேறியது.

பிறகு 2017இல் 'டைரக்ட்' ஆய்வு. நீரிழிவு வந்து 6 வருஷத்துக்குள் இருந்தவர்கள், எடை குறைப்புத் திட்டத்தில் ஓராண்டு இருந்தபோது 46 விழுக்காட்டினருக்கு மருந்தில்லாமலே நோய் தணிந்தது. 15 கிலோ அல்லது அதற்கு மேல் குறைத்தவர்களில் அது 86 விழுக்காடு. எடை திரும்பினால் சர்க்கரையும் திரும்பும், அதனால் குணமாகிவிட்டது என்று சொல்வதில்லை. இருபது வருஷம் இன்சுலின் போட்டவருக்கு இதே பலன் கிடைக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. மாத்திரையோடு தானாகப் பட்டினி கிடந்து பார்ப்பதும் கூடாது, காரணம் விரதக் கேள்வியில் இருக்கிறது.

மாரத்தான் ஓடறவங்க தசையிலயும் கொழுப்பு நிறைய இருக்காமே. அவங்களுக்கு மட்டும் ஏன் சுகர் வரல?

கேட்டவர் பாலிடெக்னிக் மாணவர். மெக்கேரியின் கணிப்பில் உள்ள ஓட்டையைச் சரியாகப் பிடித்துவிட்டார். 2001இல் பிரெட் குட்பாஸ்டர் குழு இதைத்தான் காட்டியது. நன்கு பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்களின் தசையில் நீரிழிவு நோயாளிகளுக்கு இருப்பது போலவே கொழுப்புத் துளிகள் இருந்தன, இன்சுலினோ அருமையாக வேலை செய்தது. ஓடுபவர் அதைத் தினமும் எடுத்து எரிக்கிறார், திரும்ப நிரப்புகிறார். ஆகவே துளியாகச் சேமித்து வைக்கும் டிரைகிளிசரைடு குற்றவாளி இல்லை. வழியில் தேங்கும் வேறு கொழுப்பு வகைகள்தான் தொல்லை. ஷுல்மன் டைஅசைல்கிளிசராலைக் காட்டுகிறார். ஸ்காட் சம்மர்ஸ் செராமைடைக் காட்டுகிறார். எலிகளில் செராமைடு உருவாவதைத் தடுத்தபோது இன்சுலின் எதிர்ப்பு குறைந்ததை அவர் குழு 2007இல் வெளியிட்டது. பிறகு அவர் சில ஆண்டுகள் இங்கே டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளியிலும் பணியாற்றினார்.

இரத்தத்தில் இருக்கும் கொழுப்பு வகைகள் நூற்றுக்கணக்கானவை. நாங்கள் ரிப்போர்ட்டில் அச்சடித்தது நாலே வரி. அந்த நூற்றுக்கணக்கையும், மூலக்கூறுகளை எடையால் பிரித்தறியும் நிறை நிறமாலைமானி என்ற கருவி கொண்டு தனித்தனியாக அளப்பதுதான் லிப்பிடோமிக்ஸ். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் வெங்க் உருவாக்கிய ஆய்வுக்கூடம் இந்தத் துறையில் உலக அளவில் பேர் வாங்கியது. சீனர், மலாய்க்காரர், இந்தியர் மூவரையும் ஒரே ஊரில் வைத்து ஒப்பிடலாம் என்பது இங்கே உள்ள ஆராய்ச்சியாளர்களுக்குக் கிடைத்த வசதி.

அப்போ மெக்கேரி சொன்னது தப்பா?

பாதி நின்றிருக்கிறது, பாதி சண்டையில் இருக்கிறது. மலோனில்-கோஏ சிபிடி1ஐ மூடும் என்பது இன்று பாடநூல். உள்ளுறுப்பில் சேரும் கொழுப்பு நீரிழிவுக்கு முக்கியக் காரணம் என்பதையும் பெரும்பாலோர் ஏற்கிறார்கள். ஆனால் கொழுப்பு எரியாமல் தேங்குவதால்தான் இன்சுலின் எதிர்ப்பு வருகிறதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. டெபோரா முயோயோவும் சகாக்களும் 2008இல் நேரெதிராக வாதிட்டார்கள்: அளவுக்கு மீறி மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைந்து அரைகுறையாக எரிவதுதான் சிக்கல் என்று. எட்டோமாக்சிர் சோதனைக்கு இது நேர் எதிர்முனை. என் அபிப்பிராயம் கேட்டால், இரண்டுமே வெவ்வேறு கட்டங்களில் நடக்கலாம் என்பேன். ஆனால் அதைத் தீர்க்கும் இடத்தில் நான் இல்லை.

அவர் இருந்திருந்தால் இந்தச் சண்டையை ரசித்திருப்பார் என்று தோன்றும். அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் மிக உயர்ந்த ஆராய்ச்சி விருதான பாண்டிங் பதக்கத்தை 2001இல் பெற்றார். அப்போது ஆற்றிய உரை 2002 ஜனவரியில் அச்சில் வந்தது. அதே மாதம் அவர் காலமானார்.

இவ்வளவு தெரிஞ்சும், கொழுப்பைக் கரைக்கிற மாத்திரை ஒண்ணு ஏன் வரல?

முயன்றார்கள். மலோனில்-கோஏவை உண்டாக்கும் நொதியையே தடுத்துவிட்டால் புதுக் கொழுப்பும் உருவாகாது, கதவும் திறந்திருக்கும், ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மெக்கேரி இருந்த அதே டாலஸ் மையத்தின் ஆராய்ச்சியாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், கல்லீரலில் கொழுப்பு படிந்தவர்களுக்கு அப்படி ஒரு மருந்தைக் கொடுத்தார்கள். கல்லீரல் கொழுப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. ஆனால் இரத்தத்தில் டிரைகிளிசரைடு பன்மடங்கு ஏறிவிட்டது.

காரணம் விசித்திரமானது. மலோனில்-கோஏ இல்லாவிட்டால் உடம்புக்குத் தேவையான சில நீண்ட கொழுப்பு அமிலங்களும் உருவாகாது. அந்தக் குறையைக் கண்டதும் கல்லீரல் கொழுப்புப் பொட்டலங்களை இன்னும் வேகமாகக் கட்டி வெளியே தள்ளத் தொடங்கிவிடுகிறது. அதன் பிறகு இந்த வகை மருந்துகளை டிரைகிளிசரைடை இறக்கும் வேறு மருந்தோடு சேர்த்துக் கொடுத்தும் சோதித்திருக்கிறார்கள். அதனால் தேக்காவிலோ இணையத்திலோ 'கொழுப்பு கரைக்கும்' குளிகை என்று யாராவது விற்றால், கரைத்த கொழுப்பு எங்கே போகும் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.